வெளுத்த தாலியும் ஒன்பது நாட்களும்

ஓய்வு பெற்றவரிடம் கட்டுரை கேட்பதும், பந்தி முடிந்து கைகழுவியவரிடம் சாம்பாரில் உப்பு சரியா என்று கேட்பதும் ஒன்றுதான். சொன்னால் மட்டும் என்ன ஆகப்போகிறது? ஆனாலும் கேட்டுவிட்டார்கள். நான் வேலை பார்த்த எரிவாயு நிலையத்தில் புதுக் கருவி வந்திருக்கிறதாம். நீண்ட கம்பியின் நுனியில் கேமராவையும் மீட்டரையும் மாட்டி இரும்புக் கலனுக்குள் விட்டால், உள்ளே என்ன நஞ்சு எவ்வளவு இருக்கிறது என்று திரையில் வந்துவிடுமாம். இனி ஆள் இறங்க வேண்டாம். "மேடம், ஆள் எறங்குன காலத்தைப் பத்தி நாலு பக்கம் எழுதிக் குடுங்க, ஆண்டு மலர்ல போடுறோம்" என்றார்கள். மலரில் போடுகிற மாதிரி என்னிடம் ஒன்றும் இல்லை. இருப்பதை எழுதுகிறேன். போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

எனக்குச் சொந்த ஊர் பொன்னமராவதிப் பக்கம். வேதியியல் படித்தேன். வாத்தியார் வேலைக்குப் போவாள் என்று வீட்டில் நினைத்திருந்தார்கள். நான் அறந்தாங்கி சாலையில் இருந்த எரிவாயு நிலையத்தின் ஆய்வகத்துக்குப் போனேன். பூமிக்கடியிலிருந்து வரும் எரிவாயு, நம் வீட்டு அடுப்பில் நீலமாக எரிகிறதே, அந்த லட்சணத்தில் வருவதில்லை. தண்ணீர், எண்ணெய், கந்தகம், கரித்தூள், சில கிணறுகளிலிருந்து துளித்துளியாகப் பாதரசம் என்று ஊர்ப்பட்ட சரக்கைத் தூக்கிக்கொண்டு வரும். அதெல்லாம் வடிகட்டியிலும் வால்வுகளிலும் கலன்களின் அடியிலும் தங்கும். பழுது பார்க்கவோ, பற்றவைக்கவோ, பழைய இரும்பாக வெளியே அனுப்பவோ வேண்டுமென்றால் முதலில் கழுவ வேண்டும். கழுவிய பிறகும் நஞ்சு மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தப் பார்க்கிற வேலைதான் என்னுடையது.

முதல் இரண்டு வருடம் பாட்டில் கழுவினேன். அதற்கப்புறம் துடைக்கக் கற்றுக்கொண்டேன். கேட்க எளிதாக இருக்கும். சாண் அகலத்துக்கும் குறைவான ஒரு சதுரச் சட்டத்தை இரும்பின் மேல் வைத்து, மருந்தில் நனைத்த துணியால் மேலிருந்து கீழாக ஒரு முறை, இடமிருந்து வலமாக ஒரு முறை துடைக்க வேண்டும். துணியை இடுக்கியால் மடித்துப் பழுப்பு நிறப் பாட்டிலில் போட்டு, எந்த இடம், எந்த நேரம், யார் துடைத்தது என்று எழுத வேண்டும். விரல் பட்டால் அந்தத் துணி செல்லாது. பளபளவென்று இருக்கிற இடத்தில் துடைத்தால் அந்தச் சோதனையே செல்லாது. மூலை, பற்றவைத்த தையல், கை போகாத இடுக்கு, அங்கேதான் துடைக்க வேண்டும்.

இதைச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் மேலதிகாரி அந்தோணிசாமி சார். ஒல்லியான மனிதர். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. எந்தக் கலனையும் திறப்பதற்கு முன் அதன் வயிற்றில் விரல் முட்டியால் மூன்று இடத்தில் தட்டிவிட்டு, காதை வைத்துக் கொஞ்ச நேரம் நிற்பார். உள்ளே திரவம் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று கேட்கிறாராம். பார்க்கிற எங்களுக்கோ, உள்ளே இருக்கிற யாரிடமோ வரலாமா என்று அனுமதி கேட்கிற மாதிரி இருக்கும். 'சுத்தம்' என்ற சொல்லை அறிக்கையில் எழுத விடமாட்டார். "அது நமக்கு எப்படிம்மா தெரியும்? நம்ம மீட்டருக்குத் தெரியலன்னு மட்டும் எழுதுங்க" என்பார்.

பாதரசம் இருக்கிற இடத்துக்குத் தங்கத்தோடு போகக் கூடாது. பாதரசம் பட்ட தங்கம் வெள்ளி மாதிரி வெளுத்துவிடும். ஆண்கள் மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போனார்கள். அந்த நிலையத்தில் நான் ஒருத்திதான் பெண். சாருக்கு என்னிடம் சொல்ல வாய் வரவில்லை. "கழுத்துல இருக்கறது... அது... வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டு..." என்று தரையைப் பார்த்துக்கொண்டே இழுத்தார். மறுநாளிலிருந்து தாலியைப் பீரோவில் வைத்துவிட்டு, மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். என் மாமியார் ஒரு மாதம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்த வேலையில் பயம் பழக நாளாகும். வந்த புதிதில் ஒரு பகல், வடிகட்டியிலிருந்து வழித்த கரித்தூளை ஈரச் சாக்கில் கொட்டி வைத்திருந்தோம். சித்திரை வெயில். சாக்கை நனைக்க வேண்டியவர் சாப்பிடப் போய்விட்டார். காய்ந்த தூள் தானாகவே சிவக்கத் தொடங்கியது. தீக்குச்சி இல்லை, பொறி இல்லை, சுடர்கூட இல்லை. குவியலுக்குள் சிவப்பு மெல்ல நகர்ந்து, ஓர் இடத்தில் அணைந்து இன்னோர் இடத்தில் எழுந்தது. காற்று பட்டாலே கனலும் இரும்புக் கந்தகத் தூள் அது என்று புத்தகத்தில் படித்திருந்தேன். படித்தது ஒரு மண்ணுக்கும் உதவவில்லை. "அதுக்கு உசுரு இருக்கு மேடம், தண்ணி குடுத்துக்கிட்டே இருக்கணும்" என்று சொல்லிக்கொண்டே வாளியோடு ஓடி வந்தவர்தான் செல்லையா.

செல்லையா கழுவும் குழுவில் இருந்தார். திருவரங்குளத்துக்குப் பக்கத்துக் கிராமம். சிவபக்தர், பிரதோஷம் தவறாமல் திருவரங்குளம் கோயிலுக்குப் போவார். நெற்றியில் விபூதி இல்லாமல் வேலைக்கு வந்ததில்லை. நறுவிசான வேலைக்காரர். அவர் கழுவிய கலனில் எனக்கு அநேகமாக ஒன்றும் சிக்காது.

பழைய பிரிகலன் ஒன்றை மூடிவிட்டு இரும்புக்கு அனுப்புவதென்று முடிவாயிற்று. எரிவாயுவிலிருந்து திரவத்தைப் பிரிக்கும் பெரிய உருளை அது. படுக்க வைத்த லாரித் தொட்டி மாதிரி இருக்கும். கழுவி முடித்ததும் துடைப்புச் சோதனைக்கு நான் உள்ளே இறங்கினேன். முகமூடி, அதற்கு வெளியிலிருந்து காற்றுக் குழாய், இடுப்பில் கயிறு. வாயிலில் செல்லையா காவல். சார் வைத்த முறை ஒன்று உண்டு. காவல் இருப்பவர் அரை நிமிடத்துக்கு ஒரு தரம் உள்ளே இருப்பவரைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். உள்ளே இருப்பவர் 'இருக்கேன்' என்று சொல்ல வேண்டும்.

"வசந்தா மேடம்?"

"இருக்கேன்."

இரும்புக்குள் சொன்ன 'இருக்கேன்' நாலு பக்கமும் முட்டி, வேறு யாரோ சொன்ன மாதிரி திரும்பி வரும். முதல் நாளிலிருந்தே எனக்கு அது பிடிக்காது.

முகமூடிக் கண்ணாடியில் நீராவி படிந்து, பாட்டில் எண் தெரியவில்லை. இரண்டு நொடிதானே என்று முகமூடியை நெற்றிக்குத் தூக்கினேன். அழுகிய முட்டை நாற்றம் குப்பென்று அடித்தது. உடனே நின்றுவிட்டது. நல்ல காற்று வருகிறது போலிருக்கிறது என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. கந்தக வாயு முதலில் மூக்கைத்தான் கொல்லும், நாற்றம் நின்றுபோவதுதான் ஆபத்து என்று பத்துப் பேருக்குப் பாடம் எடுத்தவள் நான். அந்த நேரத்தில் அது எனக்கு நினைவுக்கு வரவே இல்லை. உட்கார்ந்தால் தேவலை என்று தோன்றியது. உட்கார்ந்தேன். தூரத்தில் யாரோ யாரையோ பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அது என் பேர்தான் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை.

இரண்டாவது தரம் பதில் வராததும் செல்லையா கயிற்றைப் பிடித்து இழுத்துவிட்டார். வெளியே கிடத்தி முகத்தில் தண்ணீர் அடித்தார். சார் அன்றைக்குப் புதுக்கோட்டையில் இருந்தார். முகமூடியைத் தூக்கியது தெரிந்தால் உள்ளே இறங்கும் அனுமதி எனக்கு ரத்தாகிவிடும்.

"விடுங்க மேடம். கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு, ஏறி வந்துட்டீங்க. அம்புட்டுத்தான். நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்" என்றார். சொன்னபடி யாரிடமும் சொல்லவில்லை.

அந்தக் கலனின் அடிக்குழியில் பாதரசம் இருந்தது. எடுத்து மூடிய இரும்புக் குடுவையில் போட்டு அனுப்பினோம். பரிசோதனைக்கென்று மொச்சைக்கொட்டை அளவு மட்டும் சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் என் அலமாரியில் இருந்தது. சோதனை முடிந்து அதையும் குடுவையில் சேர்க்க வேண்டிய நாளில் செல்லையா வந்து நின்றார். தலையைச் சொறிந்தார்.

"மேடம், ரசம்ங்கறது சிவனோடதும்பாங்க. எங்க அய்யா இடுப்புல ரசமணி கட்டியிருந்தாரு, சாகுற வரைக்கும் ஒரு காய்ச்சல் வந்ததில்ல. அந்தத் துளிய எனக்குக் குடுங்களேன். சாமி முன்னால வச்சுக்கிறேன். மூடிதான் இருக்குல்ல."

உயிரைக் காப்பாற்றி, வாயையும் மூடிக்கொண்டிருந்த மனிதர் வாய்விட்டுக் கேட்ட ஒரே பொருள் அது. பாட்டில் இறுக மூடியிருக்கிறது, மூடியிருந்தால் ஒன்றும் செய்யாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திறக்கவே கூடாது என்று சொல்லிக் கொடுத்தேன். குடுவையில் சேர்த்தாயிற்று என்று பதிவேட்டில் எழுதினேன்.

சாமிக்கு வைப்பதை எந்த ஊரில் மூடி வைப்பார்கள்? இதை யோசிக்க எனக்கு எந்தப் பட்டமும் தேவைப்பட்டிருக்காது.

இரண்டு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை முற்பகல், நிலையத்து வாசலில் ஒரு பெண் என்னைக் கேட்டுக்கொண்டு நிற்பதாகக் காவலாளி சொன்னார். செல்லையாவின் மனைவி தனம். முப்பது வயதுக்குள் இருக்கும். தூங்காத கண்கள். என்னைப் பார்த்ததும் இங்கும் அங்கும் பார்த்துவிட்டு, முந்தானைக்குள்ளிருந்து தாலியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். பாதித் தாலி மஞ்சள். பாதி வெள்ளை.

"மூணு வாரத்துக்கு முன்னால காலையில எந்திரிச்சுப் பாக்குறேன், இப்புடி இருக்குங்க. புளி போட்டுத் தேச்சேன், போகல. குறி கேட்டதுக்கு, அவுக உசுருக்குத்தான் ஆவாதுன்னு சொல்லிட்டாக. அவுகளுக்குக் கை வேற நடுங்குதுங்க, டீ கிளாஸைப் புடிக்க முடியல. அந்த வேலையில இருந்து எடுத்துவிட்டு வேற வேல குடுங்க மேடம். ஒங்க கால்ல வேணாலும் விழுறேன்."

பாட்டில் திறந்திருக்கிறது. "வீட்டுல வேற யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்டேன்.

"பாப்பாவுக்குத்தாங்க. அஞ்சு வயசு. சாப்புட மாட்டேங்குது, தூங்க மாட்டேங்குது. கையும் காலும் ரோசாப்பூ மாதிரி செவந்து தோலு உரியுது. வெளிச்சத்தைக் கண்டா ஓடி ஒளியுது. காத்து கருப்பு அண்டிருச்சுன்னு, இப்ப சாமி படத்துக்கு அடியிலதான் படுக்க வக்கிறோம். வெளக்கு ராப்பகலா எரியுது."

ஞாயிற்றுக்கிழமை பாதரச மீட்டரை, அளவு சரிபார்க்க என்று எழுதிவிட்டு எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். நல்ல வெயில் நேரம். சாமி அறைக்குள் மட்டும் இருட்டு. பிள்ளைக்கு வெளிச்சம் ஆகாதென்று சன்னலில் சாக்கு கட்டியிருந்தார்கள். விளக்கு எரிந்தது. அதன் வெப்பம் படும் தூரத்தில், சின்ன லிங்கத்துக்கு முன்னால், அகலில் நான் கொடுத்த துளி பாதியாய்க் கிடந்தது. மீதிப் பாதி காற்றாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். மூன்று வாரத்துக்கு முன் பிள்ளை அகலைத் தட்டிவிட்டிருக்கிறாள். தரையில் ஓடிய மணிகளைத் தனம் குனிந்து விரலால் கூட்டி அள்ளியிருக்கிறாள். குனிந்தபோது தாலி பட்டிருக்கிறது. தாலி வெளுத்ததைக் கண்ட பயத்தில் விளக்கை அணைக்காமல் எரியவிட்டார்கள். விளக்கு எரிய எரிய நஞ்சு எழும்பியது. பிள்ளை படுத்தாள். படுத்தாள் என்று அவளை இன்னும் பக்கத்தில் கொண்டுபோய்ப் போட்டார்கள்.

பிள்ளையின் பெயர் யாழினி. சுவரோடு ஒட்டிச் சின்னத் தலையணை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கை இரண்டும் வெந்த மாதிரி இருந்தன. மீட்டரைப் பிடித்துக்கொண்டு அறையில் நடந்தேன். வாசலில் சிறிய எண். நடுவில் பெரிய எண். அவளை நெருங்க நெருங்க எண் ஏறிக்கொண்டே போனது. நான் பார்ப்பதை அவளும் பார்த்தாள்.

"அதைத் தேடுறியா?" என்று மெதுவாகக் கேட்டாள். "அது பகல்ல ஒளிஞ்சுக்கும். ஒடச்சா குட்டி போடும்."

தனம் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். பிள்ளைக்குள்ளிருந்து வேறு ஏதோ பேசுகிறது என்று அவள் நினைத்திருக்க வேண்டும். எனக்குமே பிடரி சிலிர்த்தது. தரைப் பிளவில் கடுகளவு வெள்ளி மணி ஒன்று மினுங்கிக்கொண்டிருந்தது. பிள்ளை சொன்னது அதைத்தான் என்று நினைத்து, அதோடு விட்டுவிட்டேன்.

சாக்கை அவிழ்த்தேன், சன்னல் கதவையெல்லாம் திறந்தேன், விளக்கை அணைக்கச் சொன்னேன். அகலையும் துளியையும் ஜாடியில் போட்டு மூடினேன். தரைப் பிளவெல்லாம் பாதரசத்தைப் பிடித்துக்கொள்ளும் கந்தகப் பொடி தூவி வழித்தெடுத்தேன். பிறகு அளந்தேன். மீட்டர் ஒன்றும் காட்டவில்லை. காட்டாதுதானே? நான்கு பக்கமும் காற்று அடித்துக்கொண்டிருந்தது. கலனைக் கழுவினால் மூடி வைத்து, ஒரு நாள் காத்திருந்து, மறுநாள் அளக்க வேண்டும் என்பது சாரின் விதி. மூடினால்தான் ஒளிந்திருப்பது வெளியே வரும். ஆயிரம் தடவை செய்த வேலை. ஆனால் திங்கட்கிழமை காலை, சார் வருவதற்குள் மீட்டர் அலமாரியில் இருக்க வேண்டுமே என்ற அவசரம் எனக்கு.

"என்னங்க அது?" என்றாள் தனம்.

"நிலையத்து அழுக்கு. வேலைத் துணியில ஒட்டி வந்திருக்கும்" என்றேன்.

செல்லையா என்னைப் பார்க்காமல் நிலைப்படியைப் பார்த்துக்கொண்டு நின்றார். கோயிலில் ஒருவர் கொடுத்தார் என்று அவர் மனைவியிடம் சொல்லியிருந்தார். எனக்காகச் சொன்ன பொய் அது. தெரு வரைக்கும் வந்தவர் கேட்டார். "டாக்டர்ட்ட இதைச் சொல்லணுமா மேடம்? வைட்டமின் மருந்துதான் குடுத்துக்கிட்டிருக்காரு."

சொல்ல வேண்டும். சொன்னால் பாதரசம் எங்கிருந்து வந்தது என்று டாக்டர் கேட்பார். பதிவேட்டில் என் கையெழுத்து இருந்தது.

"எடுத்தாச்சுல்ல. ரெண்டு நாள்ல சரியாயிரும். பார்ப்போம்" என்றேன்.

இந்தக் கட்டுரையில் நான் எழுத வந்தது அந்த ஒரு 'பார்ப்போம்'தான். மற்றதெல்லாம் அதற்கு வழி.

ஒன்பது நாள் போயிற்று. தினமும் காலையில் செல்லையாவிடம் "பாப்பா எப்படி?" என்பேன். "பரவால்ல மேடம்" என்பார். அவர் கை நடுங்கிக்கொண்டிருக்கும். நான் அதைப் பார்க்காத மாதிரி பாட்டில்களுக்குச் சீட்டு ஒட்டுவேன். பீரோவைத் திறந்து என் தாலி மஞ்சளாக இருக்கிறதா என்று பார்ப்பேன். பேய் பிசாசை நம்பாதவள்தான். ஆனால் அந்த ஒன்பது நாளும் யாரோ என் பின்னாலேயே நடந்து வருகிற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

ஒன்பதாம் நாள் அவர் 'பரவால்ல' சொல்லவில்லை. "சன்னலைத் தொறந்தா வெளிச்சத்துக்குக் கத்துது மேடம், அதனால மூடிட்டோம். இப்பல்லாம் சுவத்தைப் பாத்துச் சிரிக்குது. நேத்துலருந்து நடக்க மாட்டேங்குது. காலு நிக்கல."

நேராகச் சாரின் அறைக்குப் போனேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். முகமூடியில் தொடங்கி மீட்டர் வரை. முடித்ததும் சார் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எத்தனை நாளாச்சு?"

"ஒம்பது, சார்."

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு போனை எடுத்து ஜீப்பைக் கூப்பிட்டார். அரை மணியில் நாங்கள் அந்த வீட்டில் இருந்தோம். பிள்ளையைத் தாய் தகப்பனோடு ஜீப்பில் ஏற்றித் தஞ்சாவூருக்கு அனுப்பினோம். அங்கே தெரிந்த டாக்டரிடம் சாரே போனில் சொன்னார். பாதரசம் என்ற சொல்லை ஒன்பது நாள் கழித்து ஒரு டாக்டர் காது கேட்டது.

நாங்கள் இருவரும் வீட்டிலேயே இருந்தோம். சன்னல் கதவு எல்லாவற்றையும் சாத்தி, ஒரு மணி நேரம் வெளியே வேப்ப மரத்தடியில் நின்றோம். பிறகு மீட்டரோடு உள்ளே போனோம். அறையில் எண் இருந்தது, ஆனால் பிள்ளையை இந்த நிலைக்குக் கொண்டுவரும் அளவுக்கு இல்லை.

"இது பத்தாதும்மா. இன்னும் எங்கயோ இருக்கு" என்றார் சார்.

சுவரோரம் பாய் விரித்தபடியே கிடந்தது. கால்மாட்டிலிருந்து தலைமாட்டுக்கு மீட்டரை நகர்த்தினேன். தலைமாட்டில், பாயில் ஒரு தடம் மட்டும் இருந்த இடத்தில், எண் தாவி அளவுக்கு வெளியே போய் நின்றது. அங்கே ஒன்றுமே இல்லை. வெறும் பாய். வெறும் இடத்தைப் பார்த்து மீட்டர் கத்திக்கொண்டிருந்தது.

வாசலில் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு அம்மாவிடம் "இங்க என்ன இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"புள்ளையோட தலகாணிதான். அத விட்டுட்டு அது எங்கிட்டும் போவாதே. ஜீப்புலயும் கட்டிப் புடிச்சுக்கிட்டுல்ல போச்சு."

ஜீப்பில் கண்ணாடி எல்லாம் ஏற்றியிருக்கும். பிள்ளைக்கு வெளிச்சம் ஆகாதே. செல்லையாவுக்குப் போன் போட்டேன். மணி அடித்து நின்றது. மறுபடி போட்டேன். மூன்றாம் தரம் எடுத்தார். கந்தர்வகோட்டை தாண்டிக்கொண்டிருந்தார்கள். "வண்டிய நிறுத்துங்க. கண்ணாடிய எறக்குங்க. தலகாணியப் புடுங்கி வெளிய வைங்க. அதுக்குள்ள இருக்கு" என்று கத்தினேன்.

போனை அணைக்காமலே அவர் இறங்கியிருக்கிறார். வண்டிக் கதவுச் சத்தம், லாரி ஒன்று கடக்கும் சத்தம், துணி கிழியும் சத்தம் வரிசையாகக் கேட்டன. பிறகு செல்லையா "சிவனே" என்றார். உறைக்குள் பவுடர் டப்பா ஒன்று. அதற்குள் வெள்ளி மணிகள். அகல் கொட்டிய நாளில் அம்மா கண்ணில் படாமல் பிள்ளை பொறுக்கிச் சேர்த்தவை. மூடி பாதிதான் மூடியிருந்தது. எல்லாச் சத்தத்துக்கும் மேலே யாழினியின் குரல் கேட்டது. "என் குட்டி! என் குட்டியைத் தாங்க!" இன்றைக்கும் போனைக் காதில் வைத்து எதிர்முனை பேசாமல் இருந்தால், அடுத்து அந்தக் குரல்தான் வரும் என்று எனக்குத் தோன்றும்.

தஞ்சாவூரில் உடனே மருந்து தொடங்கினார்கள். உடம்பில் சேர்ந்த பாதரசத்தைப் பிடித்து வெளியேற்றும் மருந்து. செல்லையாவுக்கும் தனத்துக்கும்கூடக் கொடுத்தார்கள். "ஒரு வாரம் முன்னாடியே சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது" என்றார் டாக்டர். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை, பொதுவாகத்தான் சொன்னார். பிழைப்பாளா என்று கேட்டதற்கு, மூன்று நாள் போகட்டும் என்றார்.

இரண்டாம் நாள், வார்டுக்கு வெளியே பெஞ்சில் தனத்தின் பக்கத்தில் உட்கார்ந்து நானே சொன்னேன். செல்லையா வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். அவர் எனக்காக வாயை மூடிக்கொண்டது போதும் என்று தோன்றியது.

"கோயில்ல யாரும் குடுக்கல. நான்தான் குடுத்தேன், தனம். ஒங்க வீட்டுக்கு வந்த அன்னைக்கே எனக்குத் தெரியும் அது என்னன்னு. என் வேலைக்குப் பயந்துக்கிட்டு டாக்டர்ட்ட சொல்லல."

அவள் எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. அடித்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஒம்போது நாளு" என்றாள். "ஒம்போது நாளும் நான்தாங்க அந்தத் தலகாணியில புள்ளையப் படுக்க வச்சுத் தட்டிக் குடுத்தேன். அது தூங்கலன்னு ரெண்டு தரம் அடிச்சேன்."

அந்த '-ங்க' என் நெஞ்சில் இன்னும் இருக்கிறது. மரியாதையை அவள் குறைக்கவே இல்லை.

துறை விசாரணை வந்தது. பதிவேட்டில் பொய் எழுதியதற்காக என்னை ஆய்வகத்திலிருந்து எடுத்து, ஒரு வருடம் பண்டகசாலையில் போட்டார்கள். மேற்பார்வை சரியில்லை என்று சாருக்கும் ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அவர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வழக்கம்போல வேலைக்குப் போனார். என்னைத் திட்டவில்லை. அதற்குப் பிறகு என் அறிக்கை ஒவ்வொன்றையும் இரண்டு முறை படித்தார், அவ்வளவுதான்.

அதெல்லாம் பின்னால். பிள்ளை ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் விடுப்பு எடுத்துக்கொண்டு தினமும் தஞ்சாவூர் போனேன். தனம் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மூன்று நாள் கண்டம் தாண்டியது. உள்ளங்கைச் சிவப்பு மெல்ல இறங்கியது. ஆனால் பிள்ளை வாய் திறந்து எதுவும் கேட்கவில்லை. ஊட்டினால் துப்பினாள். குழாய் வழியாகத்தான் உணவு போயிற்று. பசி வந்துவிட்டால் பயமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். பதினோராம் நாள் காலை, குழாயைக் கொஞ்ச நேரம் எடுத்து வைத்திருந்தார்கள். செல்லையா மருந்து வாங்கப் போயிருந்தார். நானும் தனமும் கட்டிலின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தோம். யாழினி கண்ணைத் திறந்து சன்னல் வெளிச்சத்தைச் சுளிக்காமல் பார்த்தாள்.

"அம்மா, பசிக்குது" என்றாள். "இட்லி."

தனம் அவள் முகத்தைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். நானும் அழுதேன். இட்லிக் கடை ஆஸ்பத்திரி வாசலிலேயே இருந்தது. மாடி இறங்கிப் போய்வர ஐந்து நிமிடம் ஆகாது.

"நீ போய் வாங்கிட்டு வா தனம். நான் பாப்பாவைப் பாத்துக்கிறேன்" என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. பிள்ளையைப் போர்வையோடு வாரி எடுத்து இடுப்பில் வைத்தாள். ஐந்து வயதுப் பிள்ளை, கால் இரண்டும் துணி மாதிரித் தொங்கின. இன்னொரு கையால் மருந்துக் குப்பி மாட்டிய கம்பத்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு நடந்தாள். மாடிப்படி வந்ததும் கம்பத்தைத் தூக்கிக்கொண்டாள். ஒவ்வொரு படியாக நின்று நின்று இறங்கினாள். நான் அந்த வெறும் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.